பின்னிஷில் ‘மேலே, கீழே, கூட, இல்லாமல்’: அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

பின்னிஷ் படிக்கும் தமிழர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதி இந்த ஒரே இடத்தைத்தான் சுற்றும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து ஒரே பக்கமாகத் தொகுத்துவிட்டேன். எளிதானது முதலில், சிக்கலானது பின்னால்.

படிக்கும் முறை: பின்னிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். க, த, ப எங்கே வந்தாலும் வல்லோசைதான், நடுவில் வந்தாலும் மெலியாது. ‘தகன’ என்றால் ‘dhagana’ இல்லை, ‘தக்கன’வில் ஒரு க்-ஐ எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். இரட்டைப் புள்ளி வைத்த அ-வை ‘எ’ என்றே எழுதியிருக்கிறேன், ‘பேங்க்’ என்கிறபோது வாய் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து சொல்லுங்கள்.

சொல்லுருபுன்னா என்ன? பின்னிஷ்ல அது எங்கே வரும்?

‘வீட்டுக்குப் பின்னால்’ என்பதில் ‘பின்னால்’ இருக்கிறதே, அதுதான். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும், சொல்லுருபு தனிச்சொல்லாக நின்று அதே வேலையைச் செய்யும். பின்னிஷில் இவற்றில் பெரும்பாலானவை தமிழைப் போலவே பெயருக்குப் பின்னால்தான் வரும். ‘தலொ’ வீடு, ‘தலொன் தகன’ வீட்டின் பின்னால். ‘பொய்தெ’ மேசை, ‘பொய்டென் அல்ல’ மேசையின் அடியில். (அந்த ‘அல்ல’ நம்ம ‘அல்ல’ இல்லை, பயப்பட வேண்டாம்.)

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் பின்னிஷை ஆங்கில வழிப் பாடநூல்களில்தான் படிக்கிறோம். ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் பெயருக்கு முன்னால் வரும், அதனால் மனதுக்குள் ஒரு முறை திருப்பிப்போட்டு, மறுபடியும் திருப்பிப்போட்டு வாக்கியம் கட்டுகிறோம். தேவையே இல்லை. தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வழி நடந்து முடிந்திருக்கும். மீதிப் பாதியில் தமிழ் கைவிடும் இடங்கள் உண்டு, இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்த இடங்களைப் பற்றியதுதான்.

ஏற்கெனவே 15 வேற்றுமை இருக்குன்னு சொல்றாங்க, அப்புறம் இது வேற எதுக்கு?

நியாயமான எரிச்சல். ஆனால் அந்த 15-இல் இடம் காட்டுபவை ஆறுதான்: உள்ளே இருப்பது, உள்ளிருந்து, உள்ளுக்கு என்று மூன்று, மேற்பரப்பு அல்லது பக்கம் சார்ந்து அதே மாதிரி மூன்று. ‘பின்னால்’, ‘நடுவில்’, ‘இடையில்’, ‘எதிரில்’ இதற்கெல்லாம் உருபு கிடையாது. தமிழிலும் ‘இல்’ என்ற ஒரே உருபை வைத்துக்கொண்டு ‘பின்னால்’ என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்.

முன்னால வர்ற பெயருக்கு என்ன உருபு போடணும்?

பெரும்பாலும் ஜெனிடிவ், அதாவது நம் ஆறாம் வேற்றுமை. பெயரின் கடைசியில் ‘ன்’ சேரும்: ‘தலொ – தலொன்’. ஆனால் சேரும்போது நடுவில் மெய்யெழுத்து மெலியலாம், ‘பொய்தெ’ என்பது ‘பொய்டென்’ ஆனது அப்படித்தான். ‘வீடு’ என்பது ‘வீட்டு’ ஆவதைச் சின்ன வயதிலிருந்து செய்துகொண்டிருப்பவர்களுக்கு இது புதிதில்லை, திசைதான் எதிர்: நாம் இரட்டிப்போம், அவர்கள் மெலிப்பார்கள்.

நம்மவர்கள் விடுகிற தவறு வேறு இடத்தில். தமிழில் ‘பழைய வீட்டுக்குப் பின்னால்’ என்றால் ‘பழைய’ மாறாது. பின்னிஷில் அடைமொழியும் பெயரோடு சேர்ந்து மாறும்: ‘வன்ஹன் தலொன் தகன’. ‘வன்ஹ தலொன்’ என்று விட்டால் தவறு. எண்ணும் தப்பாது. இரண்டு என்பது ‘கக்ஸி’, ஆனால் இரண்டு வீடுகளுக்கு இடையில் என்றால் ‘கஹ்டென் தலொன் வெலிஸ்ஸெ’.

தகன, தகா, தாக்ஸெ மூணும் ‘பின்னால்’தானே? ஏதாவது ஒண்ணு சொன்னா போதாதா?

போதாது. இதுதான் தமிழ் நம்மைக் கைவிடும் முதல் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘அவன் வீட்டுக்குப் பின்னால் நின்றான்’, ‘அவன் வீட்டுக்குப் பின்னால் போனான்’. தமிழில் இரண்டிலும் ஒரே ‘பின்னால்’. அவன் அங்கே இருக்கிறானா, அங்கே போகிறானா என்பதை வினைச்சொல் பார்த்துக்கொள்கிறது. அங்கிருந்து வரும்போது மட்டும் ‘பின்னாலிருந்து’ என்று நீட்டுகிறோம். பின்னிஷில் மூன்றும் தனித்தனி. இருந்தால் ‘தகன’, அங்கிருந்து வந்தால் ‘தகா’, அங்கே போனால் ‘தாக்ஸெ’. நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் ‘தகன’ போட்டுவிடுகிறார்கள். கேட்கும் பின்லாந்துக்காரருக்கு அது ‘ஏற்கெனவே பின்னால் இருந்துகொண்டு போனான்’ மாதிரிக் கேட்கும்.

இதே மூன்று மற்றச் சொற்களுக்கும் உண்டு. அடியில்: ‘அல்ல, அல்த, அல்லெ’. முன்னால்: ‘எடெஸ்ஸெ, எடெஸ்தெ, எதேன்’. பக்கத்தில்: ‘வியெரெஸ்ஸெ, வியெரெஸ்தெ, வியெரேன்’. மேலே: ‘பேல்லெ, பேல்தெ, பேல்லெ’ என்று தமிழ் எழுத்தில் முதலும் கடைசியும் ஒன்று போலத் தெரியும், பின்னிஷில் முதலாவது திறந்த எ-வில் முடியும், கடைசி சாதாரண எ-வில் முடியும். ஒருவரிடம், ஒருவர் வீட்டில் என்பதற்கு ‘லுவொன, லுவொத, லுவொக்ஸெ’. ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், மூன்றையும் ஒரே மூச்சில் படியுங்கள்.

சாவியை சோபா அடியில கண்டுபிடிச்சேன்னு சொல்ல ‘ஸொஹ்வன் அல்ல’ போட்டேன், டீச்சர் ‘அல்த’ன்னு திருத்தினாங்க. சாவி அங்கே சும்மா இருந்துச்சு, எங்கேயும் போகலையே?

சாவி போகவில்லை, ஆனால் பின்னிஷ் அப்படி நினைக்கிறது. தேடுவது, கண்டெடுப்பது, வாங்குவது எல்லாம் ஒரு இடத்தி‘லிருந்து’ நடப்பவை: சாவி இப்போது உங்களிடம் வந்துவிட்டது இல்லையா? எனவே ‘ஸொஹ்வன் அல்த’, சோபா அடியிலிருந்து. தேடிக்கொண்டிருந்தாலும், அது கிடைக்காவிட்டாலும், ‘அல்த’தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. விட்டுவிட்டு வருவது, மறந்து வைப்பது, அங்கேயே தங்கிவிடுவது இவையெல்லாம் ‘அங்கே போவது’ போலக் கணக்கு. காரை வீட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தால் ‘தலொன் தாக்ஸெ’. கார் அசையாமல் நின்றால் என்ன, மொழிக்கு அது போய்ச் சேர்ந்ததாகவே அர்த்தம். தர்க்கம் தேடாதீர்கள், வினையோடு சேர்த்துப் படித்துவிடுங்கள்.

இந்தச் சொல்லெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? தனித்தனியா படிக்கத்தான் வேணுமா?

பாதிக்கு மேல் பழைய பெயர்ச்சொற்கள்தான். ‘பே’ என்றால் தலை, அதில் இட உருபு சேர்ந்து ‘பேல்லெ’ மேலே ஆயிற்று. ‘பெரெ’ பின்பகுதி, ‘பெரெஸ்ஸெ’ பின்தொடர்ந்து. ‘யெல்கி’ தடம், அதிலிருந்து ‘யெல்கேன்’ பிறகு. ‘அய்க’ நேரம், ‘அய்கன’ அந்த நேரத்தில், அதாவது ‘போது’. ‘அபு’ உதவி, ‘அவுல்ல’ உதவியால். ‘மியெலி’ மனம், ‘மியெலெஸ்தெ’ என்றால் ஒருவரின் கருத்துப்படி. மேலே சொன்ன ‘தகன, தகா, தாக்ஸெ’ போன்ற மூன்று வடிவங்களும் அப்படி வந்தவையே: பெயர் உறைந்துபோயிற்று, உள்ளே இருந்த உருபு மட்டும் உயிரோடு இருக்கிறது. ஜெனிடிவ் ஏன் வருகிறது என்பதும் இப்போது புரியும். ‘மேசையின் தலையில்’ என்று சொன்னால் மேசைக்கு ஆறாம் வேற்றுமை வராமல் வேறு என்ன வரும்!

இன்னொரு கூட்டம் வினைகளிலிருந்து வந்தது, அது நமக்கு மிகவும் பழக்கமான வழி. தமிழில் ‘பற்றி’, ‘இருந்து’, ‘விட’, ‘கொண்டு’ எல்லாமே வினையெச்சமாக இருந்து உருபானவைதானே. பின்னிஷில் ‘லெஹ்தெயெ’ கிளம்புதல், அதிலிருந்து ‘லெஹ்தியென்’ – முதல். ‘மென்னெ’ போதல், அதிலிருந்து ‘மென்னெஸ்ஸெ’ – குறிப்பிட்ட நேரத்துக்குள். இவை ஜெனிடிவ் கேட்காது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

‘மினுன் கன்ஸனி’ன்னு புத்தகத்துல இருக்கு, ஆனா ஆபீஸ்ல எல்லாரும் ‘முன் கன்ஸ’ங்கறாங்க. எது சரி?

இரண்டும் சரி, இடம் வேறு. ‘கன்ஸ’ என்றால் கூட, உடன். எழுத்து மொழியில் என், உன், அவன் போன்ற மாற்றுப்பெயர் முன்னால் வந்தால் சொல்லுருபின் கடைசியிலும் ஆள் காட்டும் ஒட்டு வரவேண்டும்: ‘மினுன் கன்ஸனி’ என்னோடு, ‘ஸினுன் கன்ஸஸி’ உன்னோடு, ‘ஹெனென் கன்ஸான்’ அவனோடு அல்லது அவளோடு, ‘மெய்டென் கன்ஸம்மெ’ எங்களோடு. ஒட்டே ஆளைச் சொல்லிவிடுவதால் ‘மினுன்’ என்பதை விட்டுவிட்டு வெறும் ‘கன்ஸனி’ என்றும் எழுதலாம்.

பேச்சில் ஒட்டு போய்விடும், மினுன் சுருங்கி ‘முன்’ ஆகும், ‘முன் கன்ஸ’. இன்னும் அவசரத்தில் ‘முன் கா’. ‘என் கருத்தில்’ என்பதும் இப்படித்தான், எழுத்தில் ‘மினுன் மியெலெஸ்தெனி’, பேச்சில் ‘முன் மியெலெஸ்தெ’. என் யோசனை: எழுத்து வடிவத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், பேச்சு வடிவத்தைப் பேசுங்கள். காபி இடைவேளையில் ‘மினுன் கன்ஸனி’ என்று சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள், ஆனால் செய்தி வாசிப்பது போல இருக்கும்.

அப்போ ‘மத்தின் கன்ஸான்’னு சொல்லலாமா?

கூடாது. மத்தி ஒரு ஆள் பெயர், மாற்றுப்பெயர் இல்லை. பெயர்ச்சொல் முன்னால் வந்தால் ஒட்டு கிடையாது: ‘மத்தின் கன்ஸ’. ‘அது’ என்ற ‘ஸெ’-க்கும் ஒட்டு வராது: ‘ஸென் கன்ஸ’.

மூன்றாம் ஆளில் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ‘பெக்க கத்ஸொய் தாக்ஸேன்’ என்றால் பெக்கா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். ‘பெக்க கத்ஸொய் ஹெனென் தாக்ஸேன்’ என்றால் வேறு யாருக்கோ பின்னால் பார்த்தான். தமிழில் ‘தன்’, ‘அவன்’ என்று பிரிப்பதை இவர்கள் ‘ஹெனென்’ இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே பிரிக்கிறார்கள்.

‘இல்மன்’, ‘என்னென்’ மட்டும் ஏன் பெயருக்கு முன்னாடி வருது?

அவை முன்னால் வரும் கூட்டத்தைச் சேர்ந்தவை. பின்னிஷில் அந்தக் கூட்டம் சின்னது, ஆனால் தினமும் தேவைப்படுவது. ‘இல்மன்’ இல்லாமல், ‘என்னென்’ முன்பு. முன்னால் வருபவை பொதுவாகப் பார்ட்டிடிவ் (ஒன்றின் ஒரு பகுதியைக் காட்டும் வேற்றுமை, தமிழில் இதற்கு நேரான உருபு இல்லை) கேட்கும்: ‘இல்மன் ரஹா’ காசு இல்லாமல், ‘என்னென் யொவ்லுவ’ கிறிஸ்துமஸுக்கு முன்பு. ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பிறகு என்றால் ‘யொவ்லுன் யெல்கேன்’, பின்னால் வந்து ஜெனிடிவ் கேட்கிறது. முன்பும் பிறகும் ஜோடிச் சொற்கள், ஆனால் ஒன்று முன்னால் நிற்கிறது, மற்றது பின்னால். ஆரம்பத்தில் எல்லோரும் இதில் தடுக்கி விழுவார்கள்.

காசு இல்லாமல் என்பதற்கு ‘ரஹத்த’ என்று உருபு சேர்த்த வடிவமும் உண்டு. புத்தக வாசனை அடிக்கும். பேச்சில் ‘இல்மன்’தான்.

சில சொல் ரெண்டு பக்கமும் வருதே, அது என்ன கணக்கு?

‘கெஸ்கெல்லெ’ நடுவில், ‘லெஹெல்லெ’ அருகில். இரண்டு பக்கமும் வரும், ஆனால் நிற்கும் பக்கத்தைப் பொறுத்து உருபு மாறும். முன்னால் நின்றால் பார்ட்டிடிவ்: ‘கெஸ்கெல்லெ கவ்புங்கிய’. பின்னால் நின்றால் ஜெனிடிவ்: ‘கவ்புங்ஙின் கெஸ்கெல்லெ’. இரண்டுக்கும் பொருள் ‘ஊர் நடுவில்’தான், பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் சில இடத்தில் பக்கம் மாறினால் பொருளும் நகரும். ‘யும்பெரி மாயில்மா’ என்றால் உலகெங்கும், உலகின் பல மூலைகளில். ‘மாயில்மன் யும்பெரி’ என்றால் உலகத்தைச் சுற்றி ஒரு வட்டம். உலகைச் சுற்றிக் கப்பலில் போனவர் இரண்டாவதைச் சொல்வார், உலகெங்கும் நண்பர்கள் இருப்பவர் முதலாவதைச் சொல்வார். ‘கெஸ்கென்’ இன்னும் வினோதம், இரண்டு பக்கமும் ஜெனிடிவ்தான், ஆனால் பொருள் வேறு: ‘கெஸ்கென் கொகொவுக்ஸென்’ கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பாதியில், ‘மெய்டென் கெஸ்கென்’ நமக்குள்ளே.

அப்போ முன்னால வந்தா பார்ட்டிடிவ், பின்னால வந்தா ஜெனிடிவ். இதுதான் விதியா?

நல்ல தொடக்க விதி, முழு விதி இல்லை. பின்னால் வந்தும் பார்ட்டிடிவ் கேட்பவை சில உண்டு. ‘வர்தென்’ – பொருட்டு: ‘ஸினுவ வர்தென்’ உனக்காக. ‘வஸ்தான்’ – எதிராக: ‘மினுவ வஸ்தான்’ எனக்கு எதிராக. ‘கொஹ்தான்’ – ஒருவர் மீதான மரியாதை, அன்பு, கோபம் போன்றவற்றில் வரும் ‘மீது’. ‘கன்ஸனி’யில் பார்த்த ஆள் ஒட்டு இவற்றில் சேராது என்பதைக் கவனியுங்கள், ‘வர்தெனி’ என்று எதுவும் கிடையாது. ஒட்டு ஜெனிடிவோடு மட்டும் வருவது, ‘இல்மன் மினுவ’ என்பதிலும் அதனால்தான் இல்லை.

மேசை மேலன்னா ‘பொய்டெல்லெ’யா, ‘பொய்டென் பேல்லெ’யா?

புத்தகம், கோப்பை, சாவி எல்லாம் சாதாரணமாக ‘பொய்டெல்லெ’, உருபு மட்டும். மேசைக்குக் கீழே இல்லை, உள்ளே இல்லை, அதன் மேலேதான் என்று அழுத்தவோ, ஒன்றின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருப்பதைச் சொல்லவோ ‘பேல்லெ’. உருபு போதுமான இடத்தில் சொல்லுருபைப் போடுவது தவறில்லை, ஆனால் தேவையில்லாமல் அழுத்தமாகிவிடும். வீட்டுக்குள் என்பதற்கும் இதே: ‘தலொஸ்ஸ’ போதும், ‘தலொன் ஸிஸெல்லெ’ என்றால் வெளியே இல்லை, உள்ளேதான் என்று வாதம் பண்ணுவது போல.

மாற்றிப் போடவே கூடாத இடமும் உண்டு. ‘அவ்தொல்ல’ என்றால் காரில் பயணம் செய்து. ‘அவ்தொன் பேல்லெ’ என்றால் கார் கூரை மேல். ‘ஆபீசுக்கு எப்படி வந்தீங்க’ என்று கேட்கும்போது இரண்டாவதைச் சொல்லிவிடாதீர்கள்.

மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது, வேலை பார்ப்பது இதற்கு ‘வியெரெஸ்ஸெ’ வேண்டாம், ‘பொய்டென் ஏரெஸ்ஸெ’ என்று தனிச்சொல்லே இருக்கிறது.

‘மழையால’ன்னு சொல்ல எத்தனை சொல் இருக்கு? எதை எடுக்கறது?

‘ஸதேன் தகிய’ பேச்சுக்கும் எழுத்துக்கும் பொருந்தும். ‘ஸதேன் வுவொக்ஸி’ கொஞ்சம் எழுத்து வழக்கு. நல்லது நடந்திருந்தால், அதாவது மழை பெய்ததால் பயிர் பிழைத்தது என்பது போல, ‘அன்ஸியொஸ்த’. நஷ்டத்துக்கு ‘அன்ஸியொஸ்த’ போட்டால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும்.

மழை பெய்தும் போனோம் என்றால் ‘ஸதேஸ்த ஹுவொலிமத்த’. ‘ஹுவொலிய’ என்ற வினையோடு ‘இல்லாமல்’ ஒட்டு சேர்ந்தது இது, ‘பொருட்படுத்தாமல்’ என்று நாம் கட்டுகிற மாதிரியேதான். ஆனால் நமக்கு ‘மழையை’, அவர்களுக்கு ‘மழையிலிருந்து’: ஜெனிடிவும் இல்லை, பார்ட்டிடிவும் இல்லை, எலடிவ், அதாவது ‘உள்ளிருந்து’ உருபு.

ஜெனிடிவும் பார்ட்டிடிவும் இல்லாம வேற உருபு கேட்கறதுல எதெல்லாம் முக்கியம்?

நாள், நேரம் சொல்பவை. ‘மானந்தய்ஸ்த லெஹ்தியென்’ திங்கள் முதல், இங்கே பெயர் எலடிவில். ‘மானந்தய்ஹின் அஸ்தி’ திங்கள் வரை, பெயர் இல்லடிவில், அதாவது ‘உள்ளுக்கு’ உருபு. ‘அஸ்தி’க்குப் பதில் ‘ஸாக்க’ என்றாலும் ஒன்றுதான். ‘பெர்யந்தய்ஹின் மென்னெஸ்ஸெ’ வெள்ளிக்குள். அலுவலகத்தில் கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ‘அஸ்தி’ என்றால் அதுவரை தொடர்ந்து, ‘மென்னெஸ்ஸெ’ என்றால் அந்த நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

பொருள் பார்த்தாலே உருபு விளங்கும். ‘கிளம்பி’ என்று அர்த்தம் வரும் சொல்லுக்கு ‘இருந்து’ உருபு, ‘வரை’ என்பதற்குப் போய்ச் சேரும் உருபு. தமிழில் ‘திங்களிலிருந்து’ என்று நாம் சொல்வதும் அதே கணக்கு.

ஒரு வாரத்துக்கு முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு. இதுல ஏன் ஒண்ணுக்கு உருபே இல்லை?

‘வீக்கொ ஸித்தென்’ ஒரு வாரத்துக்கு முன்பு, பெயர் மொட்டையாக நிற்கும். ‘வீக்கொன் பெயெஸ்தெ’ இன்னும் ஒரு வாரத்தில், இங்கே ஜெனிடிவ். ‘என்னென் வீக்கொவ’ என்று போட்டு ‘ஒரு வாரத்துக்கு முன்பு’ என நினைக்காதீர்கள், ‘என்னென்’ ஒரு நிகழ்ச்சிக்கு முந்தியது என்பதற்குத்தான். தமிழில் இரண்டுக்கும் ‘முன்பு’ என்பதால் வரும் குழப்பம் இது. அப்புறம் ‘வீக்கொஸ்ஸ’ என்று வெறும் உருபோடு சொன்னால், ஒரு வார அவகாசத்துக்குள் முடித்தேன் என்று வேலை எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொல்கிறீர்கள்.

மணி சொல்லும்போது ‘யுலி’ என்ற சொல்லும் மொட்டையாகத்தான் வேலை செய்யும்: ‘வீஸி யுலி கொல்மெ’ மூன்று ஐந்து. அதுவே ஆற்றைத் தாண்டி என்றால் ‘யொயென் யுலி’, ஒழுங்காக ஜெனிடிவ்.

யாரோட, எதுக்காகன்னு கேள்வி கேட்கும்போது சொல்லுருபு எங்கே போகும்?

கேள்விச்சொல்லை விட்டு எங்கும் போகாது. ‘கெனென் கன்ஸ’ யாரோடு, ‘மிங்கெ தகிய’ எதனால், ‘மிதெ வர்தென்’ எதற்காக. ஆங்கிலத்தில் போல வாக்கியக் கடைசியில் தனியே அனாதையாக விடமுடியாது. ‘எந்த வீட்டுக்குப் பின்னால் நிற்கிறாயோ அந்த வீடு’ என்ற வகை வாக்கியத்திலும் ‘யொங்க தகன’ என்று ஜோடியாகவே வரும்.

எஸ்தோனியன்ல இதெல்லாம் அப்படியே இருக்குமா? தல்லின் போனா சமாளிக்கலாமா?

சாயல் தெரியும், சிக்கலும் வரும். எஸ்தோனியனில் ஜெனிடிவின் ‘ன்’ உதிர்ந்துபோய் உயிரெழுத்தில் முடியும், ஆள் ஒட்டும் கிடையாது: ‘மய தக’ வீட்டின் பின்னால், ‘மினு தக’ எனக்குப் பின்னால். மூன்று வடிவம் அப்படியே உண்டு, ‘தக, தகந்த், தஹ’. மேசைக்கு அடியில் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். அங்கே ‘லவுவ அல்’ அடியில், ‘லவுவ அல்த்’ அடியிலிருந்து, ‘லவுவ அல்ல’ அடிக்கு. பின்னிஷில் ‘அல்ல’ என்றால் அடியில் இருப்பது, எஸ்தோனியனில் அதே ஒலி அடிக்குப் போவது.

இரண்டு பக்கமும் வரும் சொற்களில் எஸ்தோனியன் இன்னும் கில்லாடி. ‘பெரஸ்த் தோத்’ வேலைக்குப் பிறகு: முன்னால், பார்ட்டிடிவ். ‘ஸினு பெரஸ்த்’ உன்னால்தான், உன் காரணமாக: பின்னால், ஜெனிடிவ். ஒரே சொல், பக்கம் மாறினால் நேரம் காரணமாகிவிடுகிறது.

ஹங்கேரியன், சாமி மொழி எல்லாம் எப்படி?

இரண்டும் பின்னிஷுக்கு உறவு மொழிகள். வட சாமியிலும் (ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி மக்களின் மொழி) ஜெனிடிவ்தான், ஆனால் அங்கே ஜெனிடிவுக்கு ஒட்டே இல்லை, நடு மெய் மட்டும் மாறும். மேசை ‘பெயவ்டி’, அடியில் என்றால் நடு ‘ட்’ இரட்டித்து ‘பெயவ்ட்டி வுவொல்டெ’. வீடு – வீட்டு மாதிரி இரட்டிப்பு இங்கே உண்மையிலேயே இருக்கிறது.

ஹங்கேரியனில் பெயர் பெரும்பாலும் எந்த மாற்றமும் இல்லாமல் நிற்கும். ‘அ ஹாஸ் மொகொத்’ வீட்டின் பின்னால், ‘மொகே’ பின்னுக்கு, ‘மொகுல்’ பின்னாலிருந்து, மூன்று வடிவம் அங்கும் தப்பவில்லை. எனக்குப் பின்னால் என்றால் மாற்றுப்பெயரே வேண்டாம், சொல்லுருபில் ஆள் ஒட்டு சேர்த்து ‘மொகொத்தெம்’, உனக்குப் பின்னால் ‘மொகொத்தெட்’. ‘இந்த வீட்டுக்குப் பின்னால்’ என்று சுட்டினால் சொல்லுருபு இரண்டு முறை வரும், ‘இதன் பின்னால் வீட்டின் பின்னால்’ என்ற மாதிரி. முதன்முதலில் படிக்கும்போது அச்சுப்பிழையோ என்று தோன்றும்.

உருபுக்கும் சொல்லுருபுக்கும் கோடு எங்கே போடறது? ஒட்டி எழுதினா உருபு, பிரிச்சா சொல்லுருபு, அவ்வளவுதானா?

எழுத்தில் இடைவெளி விடுவதை வைத்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கிறது. ‘கன்ஸ’வையே எடுங்கள். ‘கன்ஸ’ என்ற, கொஞ்சம் வேறாக உச்சரிக்கும், இன்னொரு சொல் மக்கள், கூட்டம் என்று பொருள்படும். அதில் ‘இல்’ உருபு சேர்ந்து ‘கூட்டத்தில்’ என்றிருந்தது சுருங்கித்தான் ‘உடன்’ ஆயிற்று. எஸ்தோனியனில் அதன் உறவுச் சொல் இன்னும் தேய்ந்து, பெயரோடு ஒட்டி வெறும் ‘க’ ஆகிவிட்டது: ‘இஸக’ அப்பாவோடு. இப்போது அது 14 வேற்றுமைகளில் ஒன்று. ஆனால் பழைய அடையாளம் போகவில்லை. ‘பெரிய வீட்டில்’ என்றால் எஸ்தோனியனில் அடைமொழியும் உருபு ஏற்கும், ‘ஸூரெஸ் மயஸ்’. ‘பெரிய நாயோடு’ என்றால் ‘ஸூரெ கொயெரக’, அடைமொழி ஜெனிடிவோடு நின்றுவிடும். ‘க’ ஒரு காலத்தில் தனிச்சொல்லாக இருந்தபோது இருந்த அமைப்பு அப்படியே.

ஹங்கேரியனில் இதற்கு எழுத்துச் சான்றே உண்டு. 1055-இல் எழுதப்பட்ட திஹானி மடத்தின் சாசனம் லத்தீனில் இருக்கிறது, ஆனால் நடுவே ஹங்கேரியத் துண்டுகள் வரும். அதில் ஒன்று ‘ஃபெஹெர்வாரு ரெயா மெனெ ஹொடு உது ரெயா’, ஃபெஹெர்வாருக்குப் போகும் படைவழிக்கு என்று பொருள். அங்கே ‘ரெயா’ தனிச்சொல். இன்றைய ஹங்கேரியனில் அது ‘ரா’, ‘ரெ’ என்று பெயரோடு ஒட்டி, பெயரின் உயிரொலிக்கு ஏற்ப மாறும் உருபு.

தமிழ்ல வினை கடைசில வரும், அதனால சொல்லுருபும் பின்னால வரும்னு படிச்சேன். பின்னிஷ்ல வினை நடுவுலதானே வருது?

சரியான கேள்வி. மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963-இல் வெளியிட்ட பொதுவிதிகளில், வினை கடைசியில் வரும் மொழிகளில் சொல்லுருபு பெரும்பாலும் பின்னால் வரும் என்பது ஒன்று. அதே பட்டியலில், சொல்லுருபு பின்னால் வரும் மொழியில் உடைமைப் பெயர் கிட்டத்தட்ட எப்போதும் தலைப்பெயருக்கு முன்னால் வரும் என்றும் ஒரு விதி உண்டு. பின்னிஷில் வினை கடைசியில் வராததால் முதல் விதி அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, இரண்டாவதற்கு அது அழகாக ஒத்துப்போகிறது. ‘மத்தின் தலொ’ மத்தியின் வீடு, ‘தலொன் தகன’ வீட்டின் பின்னால். இரண்டும் ஒரே அச்சு. மேலே சொன்னபடி சொல்லுருபே ஒரு பழைய பெயர் என்றால், வேறு எப்படி இருக்கும்?

கடைசியா ஒண்ணு அக்கா, இதையெல்லாம் எப்படித்தான் ஞாபகம் வச்சுக்கறது?

சொல்லுருபைத் தனியாக எழுதிப் படிக்காதீர்கள், முன்னால் ஒரு பெயரை வைத்தே எழுதுங்கள்: ‘தகன’ என்று இல்லாமல் ‘தலொன் தகன, தலொன் தகா, தலொன் தாக்ஸெ’. ‘வர்தென்’ என்று இல்லாமல் ‘ஸினுவ வர்தென்’. பெயர் இருந்தால் உருபு தானாக வந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலச் சொல் வேண்டாம், தமிழ்த் தொடரை எழுதுங்கள். அப்புறம் தேடு, கண்டெடு, விட்டுவிடு, மறந்து வை இந்த நாலு வினைக்கும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள், சோபா அடியில் சாவி தேடும் வாக்கியத்தில் தொடங்கலாம்.